லிஃப்ட் கவிதா

பெரிய இசைக்கலைஞர்களின் பேட்டிகளைப் படித்தால் ஒன்று புரியும். அவர்களில் யாருக்கும் ஆரம்பம் சொதப்பியதே கிடையாது. தூளியில் கிடக்கும்போதே கால் தானாகத் தாளம் போட்டிருக்கும். மூன்று வயதில் அடுக்களைப் பாத்திரங்களில் கச்சேரி நடந்திருக்கும். முதல் மேடையில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

என் முதல் மேடையிலும் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் அது.

இன்றைக்கு நான் கீபோர்டு வாசித்துத்தான் சாப்பிடுகிறேன். மேடைக் கச்சேரி, ஸ்டூடியோ ரெக்கார்டிங் என்று ஓரளவு ஓய்வில்லாமல் ஓடுகிறது. ஆனால் இந்தத் தொழிலில் என்னை வெறும் கவிதா என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. 'லிஃப்ட் கவிதா' என்றால், "அட, அந்தப் பொண்ணா!" என்பார்கள். அந்தப் பட்டம் வந்த கதை இது.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். ஊர் வள்ளியூர்ப் பக்கம். குவார்ட்டர்ஸுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் அவர் பேச்சிலிருந்து திருநெல்வேலி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. நன்றாகப் பாடுவார். ஆனால் மேடைக் கூச்சம். ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் பாடச் சொன்னால் பெரிய லேத் மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு பாடுவார். குரல் மட்டும் வரும், ஆள் தெரியாது. மற்றபடி அவருடைய சாதகமெல்லாம் ஸ்கூட்டரில்தான், ஹெல்மெட்டுக்குள். (சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் வண்டியில் ஏதோ கோளாறு என்று குனிந்து பார்ப்பார்கள்.)

கல்லூரி முடித்த கையோடு எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. எனக்கோ கீபோர்டு பைத்தியம். அம்மா கத்தினாள், நான் சாப்பிடாமல் கிடந்தேன், அக்கா செல்வி இரண்டு பக்கமும் தூது போனாள். கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"ஏட்டி, செல்வி கல்யாண ரிசப்ஷன்ல நீ வாசி. நானும் கேக்கேன். நீ தேறுவேன்னு எனக்குத் தோணிச்சுன்னா ஒரு வருஷம் உன் இஷ்டம். இல்லேன்னா திங்கக்கெழமை பேசாம வேலைக்குப் போயிரணும்."

"சரிப்பா. ஆனா நீங்க பாடணும். நான் வாசிக்கேன்."

மறுநாளிலிருந்து அவர் ஹெல்மெட்டுக்குள் ஒரே பாட்டு ஓட ஆரம்பித்தது. மகளைப் பற்றித் தகப்பன் பாடும் ஒரு பழைய பாட்டு. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். அதை இசையமைத்தவரின் குடும்பத்தார் யாராவது இதைப் படித்துத் தொலைத்தால் எனக்கு வம்பு.

ரிசப்ஷனுக்கு அம்பத்தூரில் ஒரு மெல்லிசைக் குழுவைப் பேசியிருந்தோம். அதை நடத்துபவர் டேவிட் அண்ணன். பகலில் ஸ்கூல் வேன் ஓட்டுவார், சாயங்காலம் ரிதம் பேட் வாசிப்பார். இரண்டையும் ஒரே வேகத்தில் செய்வார் என்று சொல்வார்கள். என்னைப் பற்றிச் சொன்னதும், "மெயின் கீபோர்டுக்கு நம்ம ஆளு கீறாரு. நீ சைடுல நின்னுகினு மெல்லிசா வாசி. கை நல்லா கீதுன்னா ஆடி மாசக் கோயில் கச்சேரிக்குக் கூப்ட்டுக்கறேன்" என்றார்.

நான் அதை எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், தமிழ்நாட்டின் அடுத்த பெரிய கீபோர்டு கலைஞர் நான்தான் என்று அவர் அறிவித்துவிட்டதாகப் புரிந்துகொண்டேன். உடனே தலைமுடியில் ஒரு பட்டைக்கு மெரூன் கலர் அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளிநாட்டு வாத்தியக்காரர் ஒருவர் விரல் நுனி மட்டும் தெரியும் கறுப்புக் கையுறை போட்டு வாசிக்கும் வீடியோவைப் பார்த்துத் தொலைத்தேன். அம்பத்தூர் ஓ.டி.யில் ஹெல்மெட் விற்கும் கடையில் அதே மாதிரி ஒரு ஜோடி தொங்கியது. பைக் ஓட்டுகிறவர்களுக்கானது. மணிக்கட்டில் இழுத்து ஒட்டுவதற்கு ஒரு முரட்டுப் பட்டை வேறு.

பட்டுப்பாவாடை தாவணி, தலை நிறைய மல்லிகை, கையில் பைக் கையுறை. அந்தக் கோலத்தில் பூந்தமல்லி மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். "என்னட்டி இது, லாரி ஓட்டப் போறியா?"

அம்மா கிட்டே வந்து பல்லைக் கடித்தாள். "கையில தீப்புண்ணான்னு சம்பந்தி வீட்டுல கேக்காங்க. கழத்து."

"இது ஸ்டைலும்மா."

(அந்த வயதில் இதற்கு மேல் ஒரு வாதம் தேவைப்பட்டதே இல்லை.)

முதல் சோதனை சாயங்காலமே வந்தது. மெயின் கீபோர்டுக்காரர் மதுரவாயலுக்கு முன்னால் நெரிசலில் மாட்டிக்கொண்டார். போன் செய்தால், "கிட்ட வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவர் பின்னால் ஹாரன் சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்றாகிவிட்டது. பரிசுப் பொட்டலங்களோடு வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. டேவிட் அண்ணன் என்னைப் பார்த்தார். கையுறையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"இன்னாமா, தனியா சமாளிச்சுக்குவியா?"

"ஓ!"

அந்த 'ஓ'வில் எவ்வளவு தன்னம்பிக்கை என்கிறீர்கள்! உண்மையில் எனக்கு எந்தப் பாட்டும் ஒரே ஒரு சுருதியில்தான் வாசிக்கத் தெரியும். வெள்ளைக் கட்டைகளை விட்டுக் கை நகராது. பாடுகிறவரின் குரல் தாழ்வாக இருந்தால், 'டிரான்ஸ்போஸ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கிவிடுவேன். கை அதே இடத்தில் வாசிக்கும், சத்தம் மட்டும் ஒரு படி கீழே இறங்கும். இன்னொரு பட்டனை அமுக்கினால் ஒரு படி ஏறும். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்காகவே யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தது.

குழுவின் கீபோர்டு நாலைந்து கை மாறி வந்த பழைய வாத்தியம். பட்டன்களெல்லாம் எழுத்துத் தேய்ந்து மொட்டையாக இருந்தன. சிறிய திரையில் விளக்கு எரியவில்லை. அப்பாவின் குரலுக்குத் தக்கபடி சுருதியை டேவிட் அண்ணனே இறக்கி வைத்தார். "செட் பண்ணிட்டேன். இந்தப் பக்கம் கைய வெச்சிராத தாயி" என்றார்.

நான் தலையாட்டினேன்.

ஆரம்பத்துப் பாட்டுகள் ஒழுங்காகவே போயின. குழுவின் பாடகர்கள் பாட, நான் அவர்களுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி வாசித்தேன். பிறகு டேவிட் அண்ணன் மைக்கில், "இப்போ பொண்ணோட அப்பா பாடப் போறாரு! பொண்ணோட தங்கச்சி கீபோர்டு!" என்று அறிவித்தார். தொழிற்சாலைக்காரர்கள் கைதட்டி விசிலடித்தார்கள். லேத் மிஷினுக்குப் பின்னாலிருந்து வரும் அந்தக் குரலுக்கு ஒரு முகம் இருப்பதை அவர்களும் அன்றுதான் பார்க்கப்போகிறார்கள். அப்பா பட்டுச் சட்டையில் விறைத்துப்போய் வந்து நின்று, மைக்கைப் பிடித்தார். ஸ்பேனரைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்தார்.

பல்லவி அற்புதம். மண்டபத்தில் பேச்சுச் சத்தம் மெல்ல அடங்கியது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மேடையில் ஒரு கையால் பரிசை வாங்கிக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நான், 'ஒரு வருஷம் என் இஷ்டம்' என்று மனதுக்குள் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

முதல் சரணத்துக்கு முன்னால் புல்லாங்குழல் சத்தம் வர வேண்டும். அந்தப் பட்டனை அமுக்கக் கையை நீட்டினேன். சும்மா நீட்டினால் என்ன? வீடியோவில் அந்த வாத்தியக்காரர் செய்தது போலக் காற்றில் ஒரு வளைவு வளைத்து நீட்டினேன். கையுறையின் பட்டை பிரிந்து எதன் மேலேயோ உரசியது. 'டிக்' என்றது.

புல்லாங்குழல் வந்தது. ஒரு படி மேலே வந்தது.

அப்பா பாவம், காதால் கேட்டுப் பாடுகிறவர். வாத்தியம் எங்கே போகிறதோ அங்கே போவார். சரணத்தை அந்தப் புதிய சுருதியில் எடுத்தார். லேசாகப் புருவம் ஏறியது, அவ்வளவுதான். தபேலாக்காரர் மட்டும் தன் தபேலாவைச் சந்தேகமாகப் பார்த்து, சுத்தியலால் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

சரி, ஒரு படிதானே, அடுத்த இடைவெளியில் இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில் எனக்கிருந்தது பெயர் தெரியாத ஏதோ கம்பெனியின் மலிவுக் கீபோர்டு. அதில் இறக்கும் பட்டன் வலப்பக்கம் இருக்கும். உலகத்தில் மற்ற எல்லா வாத்தியத்திலும் ஏற்றும் பட்டன்தான் வலப்பக்கம் இருக்கும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. தைரியமாக வலப்பக்கத்தை அமுக்கினேன்.

இன்னும் ஒரு படி ஏறியது.

'சரியாக அமுங்கவில்லை போல' என்று மறுபடி அமுக்கினேன். இன்னொரு படி.

அப்பா இரண்டாம் சரணத்துக்குள் நுழைந்தபோது கழுத்தில் நரம்பு தெரிந்தது. டேவிட் அண்ணன் ரிதம் பேடை ஒரு கையால் அடித்துக்கொண்டே, இன்னொரு கையால் என்னைப் பார்த்துக் 'கீழே, கீழே' என்று சைகை காட்டினார். அவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். குறைத்தேன். அவர் இன்னும் வேகமாகக் காட்டினார். இன்னும் குறைத்தேன். இப்போது அப்பாவுக்குக் கீபோர்டு சரியாகக் கேட்கவில்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு என் பக்கம் ஒரு அடி நகர்ந்து வந்தார். டேவிட் அண்ணன் வாயசைத்தார். உதட்டைப் படித்தேன். 'இறக்கு.'

ஓ, இறக்கணுமா! இறக்கத்தானே நானும் பாடுபடுகிறேன்!

பதற்றத்தில் பாட்டுக்கு நடுவிலேயே அமுக்கினேன். ஒரு வரியின் பாதியில் அப்பா ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தூக்கி எறியப்பட்டார். ஆனால் மனிதர் விடவில்லை. ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறுகிறவர் போல எட்டிப் பிடித்துக்கொண்டார். நான் மறுபடி அமுக்கினேன், அவரும் மறுபடி எட்டினார். குதிகால் தரையை விட்டு எழும்பிவிட்டது. இடது கை மேலே போய்ப் பஸ் கம்பியைத் தேடுவது போலத் துழாவியது. கண்கள் மண்டபத்துக் கூரையில் நிலைகுத்தின. அங்கே ஏதாவது வழி இருக்கிறதா என்று அவர் பார்ப்பது போல இருந்தது.

மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு கைப்பிடிச் சுவரில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். "யாருக்கோ சாமி வந்துட்டுது" என்று ஒரு குரல் கேட்டது. தொழிற்சாலை நண்பர்கள் தோளைக் குலுக்கிக் குலுக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு ஆள் மட்டும் பரவசத்தில் இருந்தார்: மாப்பிள்ளையின் அம்மா. கையைக் கன்னத்தில் வைத்து, 'ஆகா, ஆகா' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையெல்லாம் வியர்த்துக் கையுறைக்குள் சொதசொதவென்று இருந்தது. நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நிறுத்தினால் அப்பா தனியாக அந்த உயரத்தில் தொங்குவார். நிறுத்தாவிட்டால் தொண்டை கிழிந்துவிடும். அந்தப் பாட்டில் கடைசிச் சரணம் முடியும் இடத்தில் ஒரு உச்சம் உண்டு. அது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். 'ஏட்டி, இனிமே எங்கட்டி போக?' என்றுதான் கேட்டது.

உச்சத்துக்கு வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

அப்போது வேறொரு குரல் அந்த இடத்திலிருந்து பாட்டை எடுத்தது. பெண் குரல். குழுவின் பாடகி என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் வாயைப் பிளந்து மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாடியது அக்கா.

தலையலங்காரம், ஒட்டியாணம், தரையைக் கூட்டும் புடவை எல்லாவற்றோடும் மேடையிலிருந்து இறங்கி வந்து, பாடகியின் கையிலிருந்து மைக்கை வாங்கியிருந்தாள். வீட்டில் செல்வி ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூட யாரும் கேட்டதில்லை. ஆனால் எங்களைத் தூங்கவைக்க அப்பா பாடிப் பாடி அந்தப் பாட்டு அவளுக்குள் வரி பிசகாமல் கிடந்திருக்கிறது. நான் ஏற்றி ஏற்றி வைத்த சுருதி பெண் குரலுக்குக் கச்சிதமான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அவள் சிரமமே இல்லாமல் அந்த உச்சத்தைத் தொட்டு, நின்று, இறங்கினாள். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, தன் குரலைக் கீழே வெகு ஆழத்துக்கு இறக்கி, அவளோடு சேர்ந்துகொண்டார். நான் இரண்டு கையும் வெள்ளைக் கட்டைகளை விட்டு ஒரு அங்குலம் நகராமல், எந்தப் பட்டனையும் திரும்பிப் பார்க்காமல் வாசித்து முடித்தேன்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாப்பிள்ளை வாயைப் பிளந்து நின்றது மூடவும் நேரமாயிற்று. (பின்னாளில் அவர் சொன்னது: "உங்க அக்காவை அன்னைக்குத்தான் முதல்முதலா பொண்ணு பார்த்தேன்.")

மாப்பிள்ளையின் அம்மா அப்பாவிடம் வந்து கும்பிட்டார். "முறையா கத்துக்கிட்டீங்களா சம்பந்தி? படிப்படியா அப்படி மேல போனீங்களே, உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு!"

பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்த அப்பா, வெறும் காற்றாகிவிட்ட குரலில், "ஏதோ... கொஞ்சம்" என்றார்.

டேவிட் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். கீபோர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாமா நீ? பாட்டு வாசின்னா லிஃப்ட்டு ஓட்டிகினு கீற? பாவம்மா, பெரியவரு மொட்டை மாடி வரைக்கும் போய்ட்டாரு!"

குழுவே உட்கார்ந்து சிரித்தது. அந்த நிமிஷத்தில் ஒட்டிய பட்டம்தான். மதுரவாயலிலிருந்து ஒருவழியாக வந்து சேர்ந்த மெயின் கீபோர்டுக்காரர், மண்டபத்து வாசலிலேயே, "எங்கப்பா அந்த லிஃப்ட்டுப் பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டுதான் நுழைந்தார்.

கடைசிப் பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையில் எல்லாம் இருந்தது, எனக்கு இறங்கவில்லை. பட்டன் விஷயத்தைச் சொன்னேன்.

அப்பா ரசத்தைத் தொண்டைக்கு இதமாக உறிஞ்சினார். "பட்டனா? நான் நெசமாவே சாமி வந்துட்டுதோன்னு பயந்துபோனேன்."

"திங்கக்கெழமை வேலைக்குப் போயிருதேன்பா."

"ஒரு வருஷம் கழிச்சு வாரேன்னு எழுதிப் போடு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"செல்வி பாடி நான் கேட்டதே இல்லட்டி. இன்னைக்குக் கேட்டுட்டேன்." ரசத்தை இன்னொரு வாய் உறிஞ்சினார். "ஆனா ஒண்ணு. அந்த லாரி டிரைவர் உறையை இப்பவே கழத்திரு. சாம்பார்ல முங்குது."

டேவிட் அண்ணனும் ஆடி மாதக் கச்சேரிக்குக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தால், அந்த இரண்டு பட்டன்களின் மேலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இனி வேறு வழியே இல்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பாட்டையும் எல்லாச் சுருதியிலும் கையாலேயே வாசித்துப் பழகினேன். குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்தார் பட்ட பாட்டுக்குத் தனிக் கட்டுரை வேண்டும். இன்று பாடகர் நின்ற இடத்தில் நின்று, "எனக்குத் தொண்டை சரியில்லை, ரெண்டு கட்டை இறக்கு" என்றால் பட்டனைத் தொடாமல் இறக்கிவிடுவேன். அதற்காகவே என்னைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போது, "இறங்கத்தானே செய்யும்?" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் கூப்பிடுகிறார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "லிஃப்ட்டுன்னு சொல்றாங்களே, அப்பாவுக்கு லிஃப்ட் கம்பெனியா?" என்று கேட்டார்கள். அப்பா கதையை முழுசாகச் சொல்லி, நடித்தும் காட்டினார். (என்னைக் கட்டிக்கொண்டவர், கதையைக் கேட்டு அழுதழுது சிரித்த அந்த ஒருவர்தான்.)

அக்காவுக்கு இப்போது கொரட்டூரில் ஐந்தாம் மாடியில் வீடு. அவள் மகள் யாழினிக்கு ஒன்றாம் வகுப்பு. கதை சொல்லு என்று அவள் கேட்டால் அப்பா வேறு எதையும் சொல்வதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அங்கே போனோம். கீழே லிஃப்ட் கதவு மூடியதும் தாத்தாவும் பேத்தியும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். அப்பா கையை மைக் போலப் பிடித்துக்கொண்டு பல்லவியை எடுத்தார். முதல் மாடி தாண்டியதும் யாழினி சுவரில் ஒரு பட்டனை அமுக்குவது போல, "டிக்!" என்றாள். அப்பா ஒரு படி ஏறினார். இரண்டாம் மாடி, "டிக்!" மூன்றாம் மாடியில், எங்களைக் கூட்டிப்போகக் கீழே வந்திருந்த அக்காவும் பாட்டில் சேர்ந்துகொண்டாள். நான்காம் மாடிக்குள் அப்பாவின் குதிகால் தரையை விட்டுவிட்டது. ஐந்தில் கதவு திறந்தபோது, குக்கர் விசில் போன்ற ஒரு குரலில் மூவரும் உச்சத்தில் நின்றிருந்தார்கள். வெளியே காய்கறிப் பையோடு காத்திருந்த எதிர் வீட்டு அம்மா துளியும் அசரவில்லை. எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிற காட்சிதானே.

"இன்னிக்கு அவங்க வரலையா, கீபோர்டு வாசிக்கறவங்க?" என்று விசாரித்தாராம்.

"வாராம்மா," என்றாராம் அப்பா, மூச்சு வாங்கிக்கொண்டே. "அவ படியேறி வந்துகிட்டிருக்கா."